அளவுகோல் யார் கையில்?

கட்டுரைக் கொப்பி மாணவனிடம் திரும்பி வருகின்றது. இறுதிப் பக்கத்திற் சிவப்பு மையில் ஓர் எண்: இருபதுக்கு 11. ஏன் 11? ஏன் 14 அன்று? மாணவன் கேட்பதில்லை, கேட்பது பணிவின்மை என்றே அவனுக்குப் போதிக்கப்பட்டுள்ளது. காரணம் கூறப்படாத தீர்ப்புக்குத் தலைவணங்கும் பழக்கம் இவ்வாறே வகுப்பறையில் ஆரம்பமாகின்றது.

ஆசிரியரின் அனுபவமே தக்க அளவுகோல் என்பர் சிலர். அவர்கள் 1961 இல் அமெரிக்காவில் போல் டீடரிக்கும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட ஆய்வை நோக்குவார்களாக. கல்லூரி முதலாண்டு மாணவரின் 300 கட்டுரைகளை 53 பேர் தரப்படுத்தினர். ஆசிரியர், எழுத்தாளர், சட்டத்தரணிகள், வர்த்தகர் ஆகியோர் அவருட் சிலர். தரங்களோ ஒன்பது. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன! ஐந்திற்குக் குறைந்த வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றேனும் இல்லை. ஒருவர் கருத்தை நிறுத்தார், ஒருவர் அமைப்பை, மற்றொருவர் பிழைகளை மட்டுமே எண்ணினார். அனுபவம் இல்லாமையன்று, பொது அளவுகோல் இல்லாமையே குறை.

ஆகவே கருத்து, அமைப்பு, சொல்லாட்சி, மொழித் திருத்தம் என ஒவ்வொன்றுக்கும் உரிய புள்ளி எழுத்தில் வகுக்கப்படல் வேண்டும். ஆனால், அப்புள்ளித் திட்டம் ஆசிரியரின் மேசை இலாச்சியிற் பூட்டப்பட்டிருப்பின் பயன் யாது? அதனை மாணவர் கையிற் கொடுங்கள். பெயர் மறைத்த இரு கட்டுரைகளை வகுப்பிற் பங்கிடுங்கள். ஒருவன் 8 இட்டு மற்றவன் 15 இடுவானாயின், இருவரும் கட்டுரையின் வரிகளையே சான்றாகக் காட்டி வாதிடட்டும். பின்னர் அதே கோலால் தத்தம் கட்டுரையை அளந்து திருத்தி எழுதட்டும்.

‘மாணவர்க்கு நடுநிலை ஏது?’ என்று வினவுவர். நீந்தத் தெரியாதவனைக் குளத்தில் இறங்கவிடாது நீச்சல் கற்பித்தவர் எவருமிலர்.

எம்மவருள்ளும் சிலர், புள்ளித் திட்டம் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டும் என்று அஞ்சுகின்றனர். மேலிருந்து வரும் கட்டளையாக அது இருக்கும்வரை அவ்வச்சம் நியாயமானதே. எனவேதான் திட்டத்தை வகுப்பதிலும் மாணவர்க்குப் பங்கு வேண்டும் என்கின்றோம். நல்ல கட்டுரையொன்று திட்டத்துள் அடங்க மறுக்குமாயின், திருத்தப்படவேண்டியது திட்டமேயன்றிக் கட்டுரையன்று.

தன் எழுத்தைத் தானே எடைபோட அறிந்தவன், பிறர் தீர்ப்புக்கும் காரணம் கேட்பான். அக்கேள்விக்கு அஞ்சும் ஆசிரியரல்லர் நாம்.