ஒரு யூனிட் என்பது எத்தனை மூட்டை?



என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'ஆற்றல் மூலங்கள்' என்று ஒரு பாடம் இருந்தது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022-23இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வெட்டில் பரிணாமமும் போனதால் எல்லோரும் டார்வினுக்காகச் சண்டை போட்டோம். போட வேண்டிய சண்டைதான். ஆனால் ஆற்றல் பாடத்துக்காக அந்த அளவுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை.

அந்தப் பாடத்தில் ஒரு செயல்பாடு உண்டு. டேபிள் டென்னிஸ் பந்தில் மூன்று கீறல் போட்டு, தகட்டில் வெட்டிய இறக்கைகளைச் செருகி, கம்பியில் சுழல விடணும். அதோடு சைக்கிள் டைனமோவை இணைத்து, பிரஷர் குக்கர் ஆவியை இறக்கை மேல் பாய்ச்சினால் பல்பு எரியும். ஒரு அனல்மின் நிலையம் முழுசும் அடுப்படி மேடையில் அடங்கிவிடும்.

வளைகுடாவின் சிபிஎஸ்இ பள்ளிகளிலும் இதே புத்தகம்தான். அதாவது ஜுபைலிலும்! ஒரு காலத்தில் மீன்பிடிக்கும் முத்துக்குளிப்புக்கும் பேர்போன கடலோர ஊர் அது. 1975இல் அரச ஆணையம் அமைக்கப்பட்ட பிறகு உலகின் பெரிய தொழில் நகரங்களில் ஒன்றாக மாறியது. எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிந்துகொண்டிருந்த வாயுவைப் பிடித்து எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் ஆக்குவதுதான் இந்த நகரத்தின் அடிப்படைத் திட்டமே. ராத்திரி ஃபிளேர் வெளிச்சம் வானத்தில் தெரிகிற ஊரில், 'அந்த நெருப்பு ஏம்ப்பா எரியுது?' என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய பாடம் புத்தகத்திலேயே இல்லை.

பதிலுக்கு என்ன மிச்சம் இருக்கு? நான் ஜுபைலில் சிபிஎஸ்இ படித்தவள். எலுமிச்சை பேட்டரி, தெர்மாகோல் காற்றாலை, 'மின்சாரத்தைச் சேமிப்போம்' போஸ்டர் போட்டி. இவற்றை நான் கிண்டல் பண்ணவில்லை. கையால் செய்து பார்ப்பது எப்பவும் நல்லதுதான். ஆனால் இவை எல்லாமே பிள்ளையை ஒரே இடத்தில்தான் நிறுத்துகின்றன: சுவிட்ச் பக்கத்தில். ஆற்றல் என்பது வீட்டுக்கு வந்து சேருகிற ஒன்று, நம் கடமை அதை அணைப்பது. அதை வேலையாகச் செய்கிற மனிதர் இந்தப் படத்தில் எங்கேயும் கிடையாது. எலுமிச்சை பேட்டரியையே எடுத்துக்கோங்க. ஆற்றல் எலுமிச்சையிலிருந்து வருவதில்லை, கரைந்துகொண்டே இருக்கிற துத்தநாகத்திலிருந்து வருகிறது. பேர் மட்டும் எலுமிச்சைக்கு.

நாம் இந்த இடத்தைக் காலியாக விட்டால் அது காலியாகவே இருக்காது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களின் பணத்தில் இயங்கும் வாரியம் ஒன்று 1993 முதல் இருக்கிறது. பள்ளிகளுக்கு இலவசமாகச் செயல்பாட்டுப் பெட்டிகள், ஆசிரியர் பயிற்சி எல்லாம் தருகிறது. பெட்ரோலியமே இல்லாத உலகம் எப்படிப்பட்ட கெட்ட கனவு என்று சொல்லும் குழந்தைகள் கதைப்புத்தகமும் போட்டது. அதாவது 'செய்து கற்றல்' என்பது தானாகவே முற்போக்கானது இல்லை. எந்தக் கேள்வியோடு செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

நம்மிடம் வேறொரு மரபு இருக்கிறது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமத்துப் பிள்ளைகள் மலிவான பொருள்களை வைத்துச் சோதனை செய்தே அறிவியல் கற்றார்கள். 2002இல் அரசு அதை மூடியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 'அறிவியல் சமூகப் புரட்சிக்கே' என்று சொன்னதோடு நிற்காமல், விறகை மிச்சம் பிடிக்கிற, புகை குறைவான அடுப்பையும் செய்து கொடுத்தது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காகத் துளிர் இதழை நடத்துகிறது. இவர்கள் பாடத்தை ஊரிலிருந்து தொடங்கினார்கள். ஜுபைலுக்கும் அப்படி ஒரு பாடம் வேண்டும். மூன்று செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, படிக்கட்டு. 40 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மாடி, அதாவது 3 மீட்டர் ஏறினால் செய்யும் வேலை சுமார் 1,180 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அந்த ஒரு யூனிட்டுக்கு ஈடாக அந்தப் பிள்ளை 3,000 தடவைக்கு மேல் ஏறணும். பத்துத் தடவை ஏற விடுங்கள், மூச்சு வாங்கட்டும். யூனிட் என்றால் என்னவென்று இனி மறக்காது.

இரண்டாவது, மூட்டை. 50 கிலோ சிமெண்ட் மூட்டையைப் பத்து மாடி, அதாவது 30 மீட்டர் தூக்கினால் மூட்டைக்குப் போய்ச் சேரும் ஆற்றல் 14,700 ஜூல். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 245 மூட்டை. சவூதியில் வீடுகளுக்கு மாதம் 6,000 யூனிட் வரைக்கும் ஒரு யூனிட் விலை, வரி நீங்கலாக, 18 ஹலாலா. 245 மூட்டை, 18 ஹலாலா. இதைப் போர்டில் எழுதிவிட்டு ஆசிரியர் ஒன்றும் சொல்ல வேண்டாம். எண்ணெய் இவ்வளவு மலிவாக வேலை செய்கிற உலகத்தில் மனித உழைப்புக்கு என்ன மதிப்பு, ஏன் அப்படி என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நம் தசை, சாப்பாட்டிலிருந்து எடுக்கிற ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மிச்சமெல்லாம் சூடு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் சூட்டைக் கொண்டுபோகும். ஆனால் ஆவியானால் மட்டும்தான். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, நிழலில் வைத்து விசிறுங்கள். காற்று வறண்டிருந்தால் ஈரக்குமிழ் நன்றாக இறங்கும். கடற்காற்றில் ஈரம் நிறைந்த நாளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். அன்றைக்கு உடம்பு வியர்த்துக் கொட்டியும் குளிராது.

சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12 முதல் 3 மணி வரை, வெயிலில் வேலை செய்யத் தடை இருக்கிறது. நல்ல சட்டம், ஆனால் கடிகாரத்தையும் காலண்டரையும் பார்க்கிற சட்டம். கத்தார் 2021இல், தடை நேரத்தை நீட்டியதோடு, வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த ஒரு குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தணும் என்று விதித்தது. அந்தக் குறியீட்டில் பத்துக்கு ஏழு பங்கு ஈரக்குமிழ்தான். துணி சுற்றிய அதே வெப்பமானி.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், செப்டம்பர் மாசம் முழுக்க காலை 8, பகல் 11, மாலை 4 மணிக்குப் பிள்ளைகள் குறித்து வரட்டும். வரைபடம் போட்டு, செப்டம்பர் 15இல் ஒரு கோடு இழுக்கட்டும். சட்டம் அன்றைக்கு முடிந்தது வெயிலுக்குத் தெரியுமா? பதிலை நாம் சொல்லத் தேவையில்லை, வரைபடம் சொல்லும்.

'அங்கே இதெல்லாம் நடக்குமா? டீச்சருக்கு வேலை போயிடாதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான பயம். அங்கே ஆசிரியர் ஒருவரின் வேலை, விசா, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே நூலில் தொங்குகிறது. அந்த ஆபத்தை வெளியில் உட்கார்ந்திருக்கும் நாம் அவர்கள் தலையில் கட்டக்கூடாது. அதனால்தான் இதில் ஒரு கோஷமும் இல்லை. எல்லாமே பள்ளி இயற்பியல்: வேலை, ஆற்றல், உள்ளுறை வெப்பம். பள்ளியில் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை வீட்டு மாடியில் செய்யலாம்.

'பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தக் கனமான விஷயம்' என்பது இன்னொரு வாதம். இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடும்ப விசாவில் வளர்கிற பிள்ளையும் கேம்ப்பில் தங்கும் தொழிலாளியும் ஒரே ஊரில், ஒரே மொழி பேசியும் சந்திக்காமலே வாழ்கிறார்கள். பள்ளி வேனின் ஏசிக்கும் வெளியே சாரத்தில் நிற்பவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். அதன் இரண்டு பக்கமும் வெப்பநிலை என்னவென்று அளக்கத் தெரிந்த பிள்ளை, ஆற்றலைப் பற்றி ஒரு முழு உண்மையைத் தெரிந்துகொள்கிறது.

நம் குழு செய்யக்கூடியது சின்ன வேலைதான். இந்த மூன்றையும் ஒற்றைப் பக்கச் செயல்தாளாகத் தமிழில் போடுவோம். மலையாளம், இந்தி, உருது தெரிந்த தோழர்கள் மொழிபெயர்க்கட்டும். வளைகுடாவில் உறவினர் இருப்பவர்கள் அனுப்பி வையுங்கள். செப்டம்பருக்கு முன்னால் போய்ச் சேரணும்.