அறுத்த வலைக்கு யார் பணம் தருவது?

பாக் விரிகுடாவில் ஆவுளியா வலையில் மாட்டினால், முடிவெடுக்க நாட்டுப்படகுக்காரருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். புத்தகங்கள் கடல்பசு என்று சொல்லும் ஆவுளியா மீனல்ல, பாலூட்டி. மூக்கு தண்ணீருக்கு மேலே வந்தால்தான் அதற்கு மூச்சு. சிக்கெடுத்து வலையைக் காப்பாற்ற நேரமிருக்காது; கத்தியை எடுத்து அறுத்தாக வேண்டும். முந்நூறு, நானூறு கிலோ உடம்பு மிரண்டு வாலை அடித்தால் படகே ஆட்டம் காணும். அறுந்த வலையோடு அன்றைய மீன்பாடும் போய்விடும்.

ஒரு காலத்தில் இதே கரையில் ஆவுளியா கறி விலைபோனது. இன்று வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை ரொக்கப் பரிசு தந்து பாராட்டுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பரிசு வேறு, இழப்பீடு வேறு.

பெண் ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈனும்; அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். எனவே ஒவ்வொரு சாவும் கணக்கில் பெரிது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது அதனால்தான். அங்கே ஆவுளியா மேயும் கடற்புல்லில்தான் இறால், நண்டுக் குஞ்சுகளும் ஒண்டி வளர்கின்றன. விசைப்படகின் இழுவைமடி தரையோடு உரசிப் போனால் ஆவுளியாவின் தீனியும் நாட்டுப்படகின் நாளைய பாடும் சேர்ந்தே அழியும்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறுவோரைக் கண்டுகொள்ளாமல், வலையை அறுத்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் என்ன நியாயம்?

பாக் விரிகுடா மீனவர்களுக்குக் கடலைப் பங்கிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு, மோதல்களுக்குப் பிறகு அங்கே உருவானதுதான். ஆவுளியாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதென்றால், அதன் செலவை ஏழை வலைக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏற்கெனவே மீனவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அறுத்த வலையின் முழு விலையும் அதே வழியில், அடுத்த வலை வாங்கும் முன்பே போய்ச் சேரலாம். பாராட்டு விழாவுக்கு அதிகாரிகள் தேதி குறிக்கும்வரை வலையை அறுத்தவர் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.