பேரன் கேட்க, பாட்டி சொல்ல...

விடுமுறை விட்டாச்சு. பிள்ளைகள் கையில் செல்போன், பெரியவர்கள் எதிரில் டி.வி. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருந்தும் பேச விஷயம் இல்லை. இந்த மௌனத்தைக் கலைக்க ஓர் இடம் இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், முட்டுக்காட்டில் வரும் தட்சிணசித்ரா.

இது கண்ணாடிப் பெட்டிக்குள் பொருட்களை வைத்து, 'தொடாதே' என்று எழுதிப் போட்ட மியூசியம் அல்ல. 1984-ல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996-ல் மக்களுக்காகத் திறந்த இடம். இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண், கதவு, உத்தரம் என்று பிரித்து எடுத்து வந்து, கைதேர்ந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்து மர வீடு என எல்லாவற்றுக்குள்ளும் நடந்து பார்க்கலாம்.

ஆந்திரக் கடலோரத்து மண் வீடு மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது? புயல் காற்று தட்டையான சுவரில் முழு வேகத்தோடு மோதும். வட்டச் சுவரில் வழுக்கிக்கொண்டு இரு பக்கமும் விலகிப் போய்விடும். புத்தகத்தில் நாலு பக்கம் படிப்பதை, அந்தச் சுவரை ஒரு சுற்று சுற்றி வந்தால் புரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகள் விட்டு நகராத இடம், குயவரின் சக்கரம். சுழலும் களிமண்ணில் கை வைத்ததுமே அது கோணிக்கொண்டு போகும். மண் உருண்டை சக்கரத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால்தான் பானை எழும்பும். இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். செய்த அகலை வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் விரிசல் விடும். நிழலில் உலர்த்த வேண்டும். சுடாத அகலில் எண்ணெய் ஊற்றினால் மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஆனால் அங்கே உண்மையான வாத்தியார், கூடவே வந்திருக்கும் பாட்டிதான். உரலைப் பார்த்ததும் நின்றுவிடுவார். "இதுல எப்படிப் பாட்டி மாவாட்டுவீங்க?" என்று பேரன் கேட்டால் போதும். உலக்கையை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாற்றுவது, உரலுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று பாடம் ஆரம்பமாகிவிடும். செல்போனில் படம் அனுப்பப் பேரனிடம் கற்றுக்கொண்டவர், அன்றைக்குப் பேரனுக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

வீட்டைக் காப்பாற்ற அதைப் பிரித்து எடுத்து வந்து கட்டிவிடலாம். பாட்டி கையில் இருக்கும் வித்தையை அப்படி எடுத்து வர முடியாது. அவர் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வெயில் ஏறும் முன் காலையிலேயே அழைத்துப் போவது நல்லது. முட்டுக்காடு தூரம் என்பவர்கள், பரண் மேல் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கித் துடைத்து, தாத்தா எதிரில் பிள்ளைகளை உட்காரவையுங்கள். குழிக்கு ஐந்து சோழி வைத்து, முதல் ஆட்டம் தொடங்கட்டும்.