எழும்பூர்க் கட்டடமும் சேத்துப்பட்டுத் தறியும்

தமிழ்நாடு அரசின் கைத்தறித் துறை அமைச்சர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாநிலங்கள் தம் தலைநகரிலோ புகழ்பெற்ற சுற்றுலா நகரிலோ, மாவட்டங்களின் சிறப்புப் பொருள்களையும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களையும் கைவினைப் பொருள்களையும் விற்பதற்கென ‘யூனிட்டி மால்’ என்னும் பெருவளாகம் அமைக்க ஊக்குவிக்கப்படும் என்ற அறிவிப்பு, 2023 பிப்ரவரி 1ஆம் நாள் நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. ஐம்பது ஆண்டுக்கால வட்டியில்லாக் கடனாக மாநிலங்களுக்கு அதற்கான நிதி வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம், சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை அமைந்துள்ள வளாகம். திட்ட மதிப்பீடு சுமார் 227 கோடி ரூபாய். நகரின் நடுவே, தொடர்வண்டி நிலையமும் அருங்காட்சியகமும் கூப்பிடு தொலைவில் இருக்க, கைத்தறிக்கென ஒரு பெருங்கட்டடம் எழுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அக்கட்டடத்தின் தரைத்தளத்தில் யார் அமர்வார், அது ஈட்டும் வாடகை யாரைச் சேரும், அங்கே விற்கும் சேலை எந்த ஊரின் பெயரைத் தாங்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை வேண்டும் என்பதே, திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டிலிருந்து எழுதப்படும் இம்மடலின் கோரிக்கை.

சேத்துப்பட்டு என்றதும் சென்னைவாசியின் நினைவுக்கு வருவது, எழும்பூருக்கு அடுத்த புறநகர் மின்தொடர்வண்டி நிலையம். இங்கே குறிக்கப்படுவது அதுவன்று; ஆரணிக்குத் தெற்கே, நெல் வயல்களுக்கு நடுவில், லூர்து அன்னை திருத்தல மலைக்கோயிலாலும் நெல் வணிகத்தாலும் அறியப்படும் பேரூர் அது. ஆரணி, தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என விரியும் பட்டு நெசவு வட்டாரத்தோடு அன்றாட உறவுடைய இவ்வூரில், ஒரே தெருவில் ஒரு வீட்டில் நெல் மூட்டையும் அடுத்த வீட்டில் தறியும் இருப்பது புதுமையன்று. அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் அமைச்சர் அவர்கள் முதலில் நோக்க வேண்டும்.

நெல் விளைவித்தவர் தம் மூட்டைகளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு வருகிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்பது, எடையிலும் விலையிலும் தரகிலும் உழவர் ஏமாற்றப்படாதிருக்க, சட்டத்தின்படி அரசு மேற்பார்வையில் நடக்கும் சந்தை. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டின் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தில் அதற்கு அடித்தளம் இடப்பட்டது. அங்கே நெல் உழவரின் கண்ணெதிரே எடை போடப்படுகிறது. வணிகர்கள் ஒருவர் எழுதும் விலையை மற்றொருவர் அறியாதவாறு சீட்டில் விலை குறிக்கும் மறைமுக ஏலம் நடக்கிறது. எவர் என்ன விலைக்கு எடுத்தார் என்பது அன்றே தெரிந்துவிடுகிறது. விலை குறைவாக இருக்கலாம், மழையில் நெல் நனையலாம், அவை வேறு துயரங்கள். தம் நெல் என்ன விலைக்குப் போயிற்று என்பதை அறியாமல் மட்டும் உழவர் வீடு திரும்புவதில்லை.

பட்டு நெய்பவர் நிலை அதுவன்று. அவர் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ பாவும் ஊடையும் ஜரிகையும் பெற்று நெய்கிறார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல், ஊடை என்பது நாடா என்னும் எறிகருவியின் வழியே குறுக்கே ஓடும் நூல், ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையாயின், இரு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், ஒவ்வோர் ஓட்டத்திலும் உடல் நூலும் கரை நூலும் கொக்கிபோல் பின்னிக்கொள்ள வேண்டும், அதற்குத் தறியின் பக்கத்தில் இன்னொருவர் துணைக்கு உட்கார வேண்டும். நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. கூலிக் கணக்கில் அவர்களுக்குத் தனிப் பதிவு கிடையாது. வேலைப்பாட்டைப் பொறுத்துச் சில நாள்முதல் சில வாரம்வரை பிடிக்கும் இச்சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்கிய பின், அது எந்தக் கடைக்குச் சென்றது, என்ன விலைக்கு விற்றது, வாங்கியவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பவை நெய்தவருக்கு வந்து சேர்வதேயில்லை. 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகவும், நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்றும் காட்டியது. பட்டு நெசவில் கூலி இதனினும் சற்று மேலாக இருக்கலாம். ஆனால் விலை அறியாத நிலை பருத்தி நெசவாளருக்கும் பட்டு நெசவாளருக்கும் பொது.

எழும்பூரில் அமையும் கட்டடம் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டுமேயன்றி, அதன்மேல் கண்ணாடிச் சுவர் ஒன்றை எழுப்பிவிடக் கூடாது.

நகர அமைப்பில் ‘கலப்புப் பயன்பாடு’ என்பது, கடையும் அலுவலகமும் அரங்கும் உணவகமும் ஒரே மனையில், பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதைக் குறிக்கும். ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுக்கக் கிடைக்கும் எண். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2 எனவும், 18.30 மீட்டரைக் கடந்து உயரும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குச் சாலை அகலம் போதுமானதாக இருந்தால் 3.25 எனவும் வகுக்கப்பட்டது. உயர உயரப் பரப்பும், பரப்போடு வாடகையும் பெருகும் என்பதே இதன் பொருள். அந்தப் பெருக்கம் வானத்திலிருந்து விழுவதன்று, மனையிலிருந்து பிறப்பது. இந்த மனையோ, 1935இல் தொடங்கப்பட்டு, தொடக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களையே உறுப்பினராகக் கொண்டு இயங்கும் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸின் பெயரோடு பிணைந்தது. அதன் வண்ணத்துப்பூச்சி முத்திரை நகரத் தெருக்களில் அறிமுகமானதற்குப் பின்னால், சிற்றூர்த் தறிகளில் நெய்து கொடுத்தவர்களின் தொண்ணூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆகையால் அக்கட்டடத்தின் எந்தத் தளம் வாடகைக்கு விடப்பட்டாலும், பராமரிப்புச் செலவும் கடன் தவணையும் போக எஞ்சும் தொகையில் உறுப்புச் சங்கங்களுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது, முதல் வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே விதியாக எழுதப்பட வேண்டும்.

இவ்வாறு எழுதி வைப்பதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி உண்டு. அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம், மு.சித.மு. சிதம்பரம் செட்டியாரின் தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டு, 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையான பின் 1959இல் திறக்கப்பட்டது. அந்நாளில் நாட்டின் மிக உயரமான கட்டடம் எனப் போற்றப்பட்ட அதனை ஊரிலிருந்து வந்தோர் அண்ணாந்து பார்த்துச் சென்றது பலரும் அறிந்தது. பலரும் கவனியாதது, அந்நிறுவனத்தை உண்டாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு: உபரியில் 95 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு பாலிசிதாரர்க்கே ஒதுக்கப்பட வேண்டும் என அது விதித்தது. பிற்காலத்தில் அவ்விகிதம் திருத்தப்பட்டது என்றாலும், சிறுகச் சிறுகப் பணம் கட்டியவருக்குப் பெருங்கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனம் என்ன கடன்பட்டுள்ளது என்பதை எண்ணால் குறித்தது அச்சட்டம். நெசவாளருக்கு அத்தகைய எண் ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

கடல்கடந்த சான்று ஒன்றும் இங்கே பொருந்தும். இலண்டனில் தேம்சு ஆற்றின் தென்கரையில் காயின் தெருப் பகுதியில் பேரளவிலான அலுவலகக் கட்டடங்கள் கட்ட 1970களின் பிற்பகுதியில் திட்டமிடப்பட்டபோது, அங்கே வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்று, 1984இல் அந்நிலத்தைத் தம் சமூக அமைப்பின் பெயரில் வாங்கினர். அங்கிருந்த ஆக்சோ கோபுரக் கட்டடம் 1990களில் புதுப்பிக்கப்பட்டபோது, கீழ்த்தளங்களில் கைவினைஞர்கள் செய்து விற்கும் பட்டறைக் கடைகளும், நடுத்தளங்களில் கூட்டுறவுக் குடியிருப்புகளும், உச்சியில் விலையுயர்ந்த உணவகமும் அமைந்தன. கலப்புப் பயன்பாட்டின் உண்மையான பயன் இதுவே: அதிக வாடகை தரவல்ல இடம், குறைந்த வாடகையே தர இயலும் இடத்தைத் தாங்குவது. எழும்பூரில் மேல்தளம் தரும் பணம் தரைத்தளத்து நெசவாளரின் கடையைத் தாங்க வேண்டும். மேல்தள வாடகையை அளவுகோலாக வைத்துத் தரைத்தளத்துக்கும் விலை குறிக்கத் தொடங்கினால், ஆறு மாதத்துக்குள் அங்கே நெசவாளர் சங்கம் எதுவும் எஞ்சாது, மொத்த வணிகர்களே எஞ்சுவர்.

தரைத்தளக் கடைகள் நிலையான ஒப்பந்தத்தில் ஒரு சிலரிடம் சேராதிருக்க வழியும் அறியப்பட்டதே. தில்லியில் 1994இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டில், கைவினைஞர்களுக்குக் கடைகள் பதினைந்து நாள் முறை வைத்து மாற்றி ஒதுக்கப்படுகின்றன. சேத்துப்பட்டு வட்டாரத்திலிருந்து ஒரு சங்கத்தார் முறைக்கு வந்து, தாம் நெய்ததைத் தாமே விரித்துக் காட்டி, வாங்குபவர் கரையைத் தடவிப் பார்த்துச் சொல்லும் குறையையும் நிறையையும் கேட்டுத் திரும்பினால், அடுத்த பாவின் நிறத் தேர்வே மாறும். அவர்கள் தங்குவதற்கு வளாகத்துக்குள்ளோ அருகிலோ இடம் வேண்டும். ஊருக்கும் எழும்பூருக்கும் இடையே பேருந்தில் அரை நாள் போய்விடும் என்பதால், விடுதிச் செலவு சொந்தப் பணத்திலிருந்து போகும் நிலையில் எவரும் இரண்டாம் முறை வரமாட்டார்.

வளாகத்தில் நெசவைக் காட்சிப்படுத்தும் எண்ணம் இருப்பின், கட்டடக் கலைஞர்கள் தறியை அறிந்தவரோடு அமர்ந்து பேசுதல் இன்றியமையாதது. குழித்தறி என்பது, நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை இயக்கும் தறி. அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம் அமையும் கட்டடத்தில், தரைத்தளத்துக்குக் கீழே மண் இராது. குழி தோண்டவும் முடியாது. தறியைச் சுற்றித் தரையை மேடையாக உயர்த்திக் குழியை உண்டாக்கலாம், ஆனால் அதை உள்ளமைப்பு வரைபடத்திலேயே காட்ட வேண்டும். தறியின் தலைமேல் ஏறி நிற்கும் ஜக்கார்டு பெட்டி, அதாவது பூவேலைக்கான நூல்களைத் துளையிட்ட அட்டைகளின்படி தூக்கும் கருவி, சாதாரணக் கடையின் பொய்க்கூரைக்குள் அடங்காது. குளிரூட்டிய உலர்ந்த காற்றில் பட்டு இழை எளிதில் அறும். மண் குழியின் ஈரமே இழைக்குப் பதம் என்பது தறிக்காரர் நன்கறிந்த செய்தி. இவற்றைக் கவனியாமல் வைக்கப்படும் தறி, திறப்பு விழா நாளில் ஓடி, மறுவாரம் பொம்மையாக நிற்கும். நெய்பவரைக் காட்சிப் பொருளாக உட்கார வைப்பதினும் தறியே வையாதிருப்பது மேல். வைப்பதாயின் அங்கு அமர்பவருக்கு ஊரில் கிடைக்கும் கூலிக்கு மேல் நாட்கூலியும், நெய்த சேலையில் அவர் பெயரும் வேண்டும்.

பெயர் என்பது சிறிய செய்தியன்று. புவிசார் குறியீடு என்பது, ஒரு பொருளின் தரமும் புகழும் அது பிறந்த ஊரால் வருவது என்பதை ஏற்று, அவ்வூராரைத் தவிரப் பிறர் அப்பெயரைப் பயன்படுத்தாதவாறு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் பாதுகாப்பு. காஞ்சிபுரம் பட்டைப் போலவே ஆரணிப் பட்டும் அக்குறியீட்டைப் பெற்றுள்ளது. இருந்தும், தாம் நெய்த சேலை கடைகளில் வேறோர் ஊரின் பெயரில் விற்கப்படுகிறது என்பது ஆரணி வட்டார நெசவாளர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. காஞ்சிபுரத்தின் பெருமையில் எவருக்கும் குறைவு கூற இடமில்லை. ஆனால் எடை குறைந்து, உடுக்க இலகுவாக, நடுத்தரக் குடும்பமும் திருமணத்துக்கு எடுக்கத்தக்க விலையில் பட்டு தரும் ஆரணிக்கும் ஒரு முகம் உண்டு, அம்முகம் முகவரியின்றி நிற்கிறது. அரசின் சொந்த வளாகத்திலேனும் ஒவ்வொரு சேலையிலும் நெய்த ஊர், சங்கம், நெய்தவர் பெயர், அவருக்குக் கொடுத்த கூலி, விற்பனை விலை ஆகிய ஐந்தும் அச்சிட்ட சீட்டு தொங்க வேண்டும். கூலியையும் விலையையும் அருகருகே அச்சிடுவது வணிகத்துக்கு இடையூறு எனச் சிலர் கூறக்கூடும். நெல்லுக்கு ஒழுங்குமுறைக் கூடம் வந்தபோதும் தரகர்கள் பக்கத்திலிருந்து அத்தகைய குரல் எழுந்திருக்கும். சேத்துப்பட்டில் நெல் வணிகம் அதனால் நின்றுவிடவில்லை.

விற்ற தொகை சங்கத்துக்கு வந்து சேரும் நாளும் வரையறுக்கப்பட வேண்டும். தீபாவளிக்கு விற்ற சேலையின் பணம் பொங்கலுக்குப் பின் வருமாயின், இடைப்பட்ட காலத்தில் அடுத்த பாவுக்குப் பட்டு நூல் வாங்கச் சங்கம் வட்டிக்குக் கடன் எடுக்கிறது, அவ்வட்டி கடைசியில் கூலியில்தான் கை வைக்கிறது. விற்பனைச் சீட்டு பதிவான பதினைந்து நாள்களுக்குள் தொகை சங்கக் கணக்கில் சேரும் என்ற ஒரு விதி, பல மானியங்களைக் காட்டிலும் தறியை ஓட வைக்கும்.

வளாகத்தின் தளவாரியான ஒதுக்கீட்டையும், வாடகை விதிகளையும், தரைத்தளத்தின் உள்ளமைப்பு வரைபடத்தையும் தமிழில் அச்சிட்டு, ஆரணியிலும் சேத்துப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் உள்ள நெசவாளர் சங்க அலுவலகங்களின் சுவரில் ஒட்டச் செய்து, நெசவாளர் கருத்தைக் கேட்க ஒரு மாத காலம் அளிக்குமாறு அமைச்சர் அவர்களை இம்மடல் வேண்டுகிறது. பட்டு விற்பனை தளரும் ஆடி மாதத்தில் கூட்டம் வைத்தால், தறியை விட்டு எழுந்து வர நெசவாளருக்கு நேரம் கிடைக்கும்.

இங்ஙனம்,
ஆரணி வட்டாரப் பட்டு நெசவின் நலம் நாடுவோர்
சேத்துப்பட்டு, திருவண்ணாமலை மாவட்டம்