ராணி கொண்டுபோகும் உறை

விவசாயம் நம் கண்டுபிடிப்பு என்ற பெருமை நமக்கு உண்டு. பத்து, பன்னிரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு. தென் அமெரிக்க எறும்புகள் கேட்டால் சிரிக்கும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே அவற்றின் முன்னோர் பூஞ்சை பயிரிடத் தொடங்கிவிட்டதாக 2024-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. வெயில் மறைந்து செடிகொடிகள் மக்க, பூஞ்சைக்கு நல்ல காலம்! அந்த வம்சத்தில் வந்த இலைவெட்டி எறும்புகள் இலையைத் தின்பதில்லை, பூஞ்சைக்கு எருவாகப் போடுகின்றன என்று 1874-ல் எழுதியவர் தாமஸ் பெல்ட். நிகரகுவாவில் தங்கச் சுரங்க வேலைக்குப் போன பொறியாளர் அவர். எனக்குப் பிடித்தது ராணியின் புறப்பாடுதான். கல்யாணப் பறப்புக்குக் கிளம்பும்போது தாய்வீட்டுப் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் அடக்கிக்கொள்கிறாள், புதுக்குடித்தனத்துக்கு உறைமோர் கொண்டுபோவது போல. இறங்கிய இடத்தில் சிறகை உதிர்க்கிறாள், குழி தோண்டுகிறாள், துணுக்கைத் துப்பித் தன் கழிவையே உரமாக இடுகிறாள். பின்னாளில் அதுவே பல லட்சம் எறும்புகள் வாழும், அறை அறையாகத் தோட்டம் கொண்ட நிலத்தடி ஊராகலாம். உழவின் மூத்த குடி என்ற பட்டத்தை நாம் விட்டுக்கொடுப்பதே நியாயம். அந்தத் துணுக்கு பட்டுப்போனால் அவளுக்குக் கூடு இல்லை.