மோட்டார் வயரும் முந்திக்கொண்ட நாவும்



விராலிமலை வட்டாரம் வானம் பார்த்த பூமி. குளமும் கிணறும் வற்றிவிட்டால் ஆழ்துளைக் கிணறே கதி. அதன் உயிர்நாடி, ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து குழாய்த்தலைக்குச் செல்லும் செம்பு வயர். கள்வனின் கண் விழுவதும் அதன் மீதுதான்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர். கார்த்திகை மழை நன்கு பெய்ததால் இரண்டு மாதம் மோட்டாருக்கு வேலையில்லை. அவரும் அந்தப் பக்கம் செல்லவில்லை. தை மாதம் நிலத்தின் ஈரத்திலேயே கடலை விதைத்துவிட்டு, உயிர்த்தண்ணீர் பாய்ச்சச் சென்றார். சுவிட்சைப் போட்டார்; சத்தமில்லை. வயர் இருந்த இடத்தில் வெட்டிய துண்டுதான் கிடந்தது. புது வயர் வாங்கிப் பொருத்துவதற்குள் விதையில் பாதி மண்ணோடு மண்ணாயிற்று.

அன்று மாலை திண்ணையில் பேச்சு எழுந்தது. "பழைய இரும்பு எடுக்க வரும் அந்தப் பையன்தான்!" என்றார் ஒருவர். பார்த்தவர் எவருமில்லை. ஆயினும் மறுநாளே ஊர் முழுவதும் அவனைத் திருடனாக்கிவிட்டது. அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். மூன்று மாதம் கழித்து, வேறொரு வழக்கில் பிடிபட்டவன் இந்தத் திருட்டையும் ஒப்புக்கொண்டான். அந்தப் பையனுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை! அந்தத் திண்ணையில் நானும் அமர்ந்திருந்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த உறுத்தலே இதை எழுதத் தூண்டியது.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என வினவியவருக்கு, கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உண்டு. நம் ஒட்டகத்தைக் கட்டுவது எப்படி?

முதலாவதாக, வயரைத் தரைமேல் விடாதீர்கள். இரண்டடி ஆழத்தில் குழாய்க்குள் செலுத்திப் புதையுங்கள். குழாயின் இரு வாய்களையும் கான்கிரீட்டால் பூசுங்கள். வெட்டினாலும் உருவ இயலாது என்றால் கள்வன் அங்கே நேரத்தை வீணாக்கமாட்டான்.

இரண்டாவதாக, தரைப்பகுதிக்கு மட்டும் அலுமினிய கேபிள் போடலாம். விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் அலுமினியம் செம்பைவிடக் குறைவாகவே, ஏறத்தாழ 60 விழுக்காடே, மின்சாரம் கடத்தும். ஆகவே தடித்த கேபிள் தேவை. செம்போடு சேருமிடத்தில் அதற்குரிய இணைப்பியைப் பொருத்த வேண்டும். அனுபவமுள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்யுங்கள்.

மூன்றாவதாக, மோட்டார் ஓடாத காலத்தில்தான் திருட்டு எளிது. வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். இயலாவிட்டால் பக்கத்து வயல்காரரிடம் சொல்லி வையுங்கள். மோட்டாரின் வரிசை எண், வாங்கிய ரசீது, புகைப்படம் ஆகியவற்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கள்வனைப் பிடிக்கிறேன் என்று வேலியிலோ வயரிலோ மின்சாரம் பாய்ச்சாதீர்கள்! அது குற்றம், கொலையிலும் முடியலாம். நம் விராலிமலை மயில்களின் ஊர். இரவில் வழி தவறி வருவது மயிலாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

வாங்குபவன் இல்லாவிட்டால் திருடுபவனும் இல்லை. களவாடிய வயரின் பிளாஸ்டிக் உறையைத் தீயிட்டு எரித்துச் செம்பைப் பிரிக்கிறார்கள். அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் அமில வாயு உண்டு. கரி படிந்த செம்பு எடைக்கு வந்தால், "இது எங்கிருந்து வந்தது?" என்று பழைய இரும்புக் கடைக்காரர் கேட்க வேண்டாமா? திருட்டுப் பொருள் என அறிந்தே வாங்குவோருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நம் சமுதாயத்தில் இத்தொழில் செய்வோர் பலர். நாணயமாக நடப்போருக்கும் இதனால் அவப்பெயர் வரக்கூடாது.

திருடு போய்விட்டால் திண்ணைக்குச் செல்லாதீர்கள்; காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள்.

வயர் போனால் மறுபடி வாங்கிவிடலாம். ஓர் ஏழைப் பிள்ளையின் நற்பெயரை எந்தக் கடையில் வாங்குவது? எண்ணிப் பாருங்கள். இந்த வாரமே உங்கள் கிணற்றடிக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.