ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்த்தால் களஆய்வு ஆகிவிடுமா? நெய்வேலி மாணவர்களுக்கு ஒரு திட்டம்

2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா முயற்சி செய்கிறது. அதனால் 'நகரப் புத்தாக்கம்' என்ற சொல் இனி அடிக்கடி காதில் விழும். பெரிய போட்டியைச் சாக்காக வைத்து, நலிந்துபோன பகுதிக்குச் சாலை, வீடு, போக்குவரத்து, வேலை கொண்டுவருவதுதான் அது.

புவியியல் மாணவர்களுக்கு அருமையான தலைப்பு. ஆனால் பல நேரம் பஸ்ஸில் போய், ஸ்டேடியம் முன்னால் குரூப் போட்டோ எடுத்து, நாலு பக்க ரிப்போர்ட் எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. அது சுற்றுலா. களஆய்வு வேற.

எங்கே போகலாம்?

நெய்வேலி நகரியத்திலிருந்து காலையில் கிளம்பினால் ஒரே நாளில் மாமல்லபுரம் போய்வரலாம். 44ஆவது செஸ் ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அங்கே நடந்தது. ரஷ்யாவிடமிருந்து போட்டி கைமாறியதால், ஏற்பாடுகளுக்குக் கிடைத்தது சுமார் நான்கே மாதம். ஆட்டங்கள் நடந்தது ஒரு நட்சத்திர ஹோட்டல் வளாகத்தில். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கப் பலகை மாதிரி பெயின்ட் அடித்தார்கள். இது புத்தாக்கமா, விருந்தாளி வருகிறார் என்று வீட்டுக்கு அடித்த வெள்ளையா? முதல் கேள்வி இதுதான்.

இன்னொரு நாள் கிடைத்தால் வேளச்சேரி. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு வேளச்சேரி அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. ஆனால் அது நீச்சல் குளத்தாலா, ஐடி கம்பெனிகளாலா, பறக்கும் ரயிலாலா?

காரணத்தை எப்படிப் பிரிப்பது?

களஆய்வின் கஷ்டமான பகுதி இதுதான். மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் மோடி - ஷி ஜின்பிங் சந்திப்பு நடந்தது. அதற்காகவும் ஊரை அழகுபடுத்தினார்கள். அடுத்து கொரோனா. அதனால் இன்று கண்ணில் படும் எல்லாவற்றையும் செஸ் கணக்கில் எழுத முடியாது.

வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே கூகுள் எர்த்தில் 2018, 2021, 2023 என்று பழைய செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒப்பிடலாம். பிறகு, போட்டி நடக்காத ஓர் ஊரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே கடற்கரையில் தெற்கே இருக்கும் சதுரங்கப்பட்டினம் சரியாக இருக்கும். இரண்டு ஊரிலும் 200 மீட்டருக்கு ஒரு இடத்தில் நின்று நடைபாதை, குப்பை, நிழல், தெருவிளக்கு என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடலாம். ஐந்து கடைக்கு ஒரு கடையில், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், வாடகை எப்படி மாறியது என்று கேட்கலாம். பெயர் எழுத வேண்டாம், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

யார் இப்போது அங்கே இல்லை?

2012 ஒலிம்பிக்குக்காகக் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் பழைய தொழிற்சாலை நிலம் பூங்காவானது, புது வீடுகள் வந்தன. ஆனால் அந்த இடத்தில் இருந்த கிளேஸ் லேன் குடியிருப்பில் வாழ்ந்த 400க்கும் மேற்பட்டோர் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். இன்று பூங்காவில் கருத்துக்கணிப்பு எடுத்தால் அவர்கள் யாரும் சிக்க மாட்டார்கள். 'எல்லாருக்கும் திருப்தி' என்றுதான் முடிவு வரும். தங்கியவர்களை மட்டும் கேட்டு, போனவர்களை விட்டுவிடும் ஆய்வு பாதி ஆய்வுதான்.

இதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்துக்காக உருவான நகரியம் இது. வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்களும் மரநிழலும் ஒரு பக்கம், சுரங்கத்துக்காக நிலத்தையும் ஊரையும் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது.

அதனால் ஒத்திகையை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். பாரதி விளையாட்டரங்கத்தில் தொடங்கி ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வரை அதே மதிப்பெண் தாளோடு நடக்கலாம். எங்கே மதிப்பெண் சட்டென்று இறங்குகிறது என்று பார்க்கலாம். படிவத்தில் எந்தக் கேள்வி புரியவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பள்ளிகள் செய்ய வேண்டியது

ஒரு நாள் பயணத்துக்கு அனுமதி கொடுப்பதோடு பள்ளிகள் நிறுத்தக் கூடாது. அதே இடத்துக்கு அடுத்த வருஷ மாணவர்களையும் அனுப்பி, அதே படிவத்தை நிரப்ப வைக்க வேண்டும். மாற்றத்தை அளக்க 'முன்பு எப்படி இருந்தது' என்ற பதிவு தேவை. போட்டி முடிந்த பிறகு அதை உருவாக்க முடியாது. அகமதாபாத்தில் அதற்கான நேரம் இப்போதுதான். அடுத்த சுரங்க விரிவாக்கத்துக்கு முன் நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் அப்படித்தான்.